பதினோராவது

காலாப்பட்டு. இரவு இரண்டே கால்.
முப்பத்திரண்டு கணினிகள் சேர்ந்து
அலையின் உயரத்தைக் கணக்கிடுகின்றன,
ஒன்பது நாளாய், ஒரே கணக்கு.
பதினோராவது சூடேறித் தடுமாறுகிறது.

'நிறுத்திவிட்டு மாற்றினால் என்ன?'
ஆய்வுக்கு வந்த முதல் கேள்வி.
மூன்று பக்கம் பதில் எழுதி
அழித்தேன்.

போன வாரம் கடலூரில் ஏறினேன்.
செல்ஃப் எடுக்காத வண்டி; அணைத்தால் தள்ளத்தான் வேண்டும்.
ரெட்டிச்சாவடியில் ஓட்டுநர்கள் மாறினார்கள்.
கலிவரதன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை இழுக்க
மரியசூசை தன் செருப்புக் காலை நுழைக்க
நடுவே எந்தக் காலும் இல்லாத அரை நொடி.
உறுமல் தாழ்ந்தது. ஜன்னல்கள் கிடுகிடுத்தன.
நண்டுக்கூடையோடு தூங்கியவள் கண் திறவாமலே
'கன்னியக்கோயில் வந்துடுச்சா?' என்றாள்.
அந்த அரை நொடியில்தான்
நாலு வருடமாகக் குடியிருக்கிறேன்.

இப்போது முப்பத்துமூன்றை உள்ளே விடுகிறேன்.
பழைய பட்டியலில் பாதிக்கு மேல் சம்மதம் வேண்டும்,
புதிய பட்டியலிலும் பாதிக்கு மேல்.
இரண்டும் கிடைக்கும்வரை
'நாம்' என்றால் யார் யார் என்று
எவருக்கும் தெரியாது.
பதினொன்றைத் தேடிக் கிளம்பிவிட்ட ஒரு செய்தி
கம்பியில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.
பூட்டிய வீட்டுக்கு வந்த கூரியரை வாங்கிவைப்பதுபோல்
பன்னிரண்டு அதை வாங்கி
முப்பத்துமூன்றிடம் தருகிறது.

திரையில் கோடு கொஞ்சம் பள்ளம் விழுந்து
மேலே ஏறுகிறது. கணக்கு ஓடுகிறது.

பதினொன்றின் விசிறி சுற்றுகிறது.
கழற்றிவிட்டோம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.
மற்ற முப்பத்தொன்றிடமும்
தலைவனாக நின்று
ஓட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது.
அதற்கும் ஒரு விதி எழுத வேண்டும்.
விடியட்டும்.