பதினொரு நிமிடம்

வால்டிவியாவில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை.
பெய்யாத நாளைத்தான் சொல்வார்கள்.
ஆற்றோர மீன் சந்தையில்
கடல் சிங்கங்கள் குடலுக்கும் தலைக்கும் சண்டையிடும் சத்தம்
நள்ளிரவிலும் மூன்றாம் மாடி ஏறி
நுண்ணோக்கி அறைக்கு வந்துவிடும்.

என் வேலை
எலியின் மூளையை முந்நூறு மைக்ரான் கனத்தில் சீவுவது.
சர்க்கரை கலந்த உப்புநீர் மேலே ஓடிக்கொண்டிருந்தால்
சீவல் சில மணி நேரம்
தான் செத்ததை அறியாமல் இருக்கும்.

அன்றைக்குக் கிண்ணம் இரண்டு.
இடப்பக்கம் நலமான எலி.
வலப்பக்கம், தசையைக் கரைக்கும் நோயோடு பிறந்தது.

நரம்பணு மின்னும். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.
அதன் பேச்சு, அதன் நினைவு, அதன் பவிசு.
கையிருப்போ ஒரு பருக்கை கிடையாது.
அன்றாடங்காய்ச்சி.

பக்கத்தில் விண்மீன் அணு.
அதன் இனத்துக்கே நெடுங்காலம் பசை என்றுதான் பெயர்,
உடைந்த சாடியை ஒட்டுகிற மாதிரி.
ஒரு கால் இரத்தக் குழாயின் மேல்.
விரல் நுனிகள் நரம்புச் சந்தியில்,
அங்கே சிந்திய குளுட்டமேட்டை வழித்தெடுத்தபடி.
வழிக்க வழிக்கச் சர்க்கரையை உடைக்கிறது,
உடைத்ததை லாக்டேட்டாக்கி
அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறது.
அந்த வீட்டில் கெட்டுப்போன கொழுப்பையும்
கேட்டு வாங்கித் தன் அடுப்பில் எரிக்கிறது.
மடியில் கிளைக்கோஜன் என்று
சின்ன முடிச்சு வேறு.

பதினொன்று நாற்பதுக்குக் காற்று எங்கோ மரத்தைச் சாய்த்தது.
விளக்கு போனது.
பம்பு நின்றது.
உருளையிலிருந்து வரும் ஆக்சிஜன் மட்டும்
இருட்டில் குமிழிவிட்டது.
சர்க்கரை இனி வராது.

டார்ச்சோடு வந்தார் காவலாளி ரெமிஹியோ,
சட்டையெல்லாம் நனைந்து.
டீசலில் தண்ணீர் இறங்கிவிட்டது, பார்க்கிறார்கள் என்றார்.
பிறகு கிண்ணங்களைப் பார்த்து,
"இப்போது இவை என்ன சாப்பிடும்?"

முடிச்சைப் பற்றிச் சொன்னேன்.
அவிழ்த்துக் கொடுக்கும், இருக்கும் வரை.

"நெலிடா, அந்த விண்மீனுக்கு
யார் சோறு போடுவது?"

பதில் பாடப்புத்தகத்தில் உண்டு,
இரத்தம் என்று.
அவருடைய கால்சட்டைப் பையில்
ஒதிலியாவின் மருந்துச் சீட்டு எப்போதும் இருக்கும்.
கரண்டி பிடிக்க அவளுக்கு விரல் போய் ஓராண்டாகிறது.
நான் பாடப்புத்தகத்தைச் சொல்லவில்லை.
குமிழியைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

பதினொரு நிமிடம்.

திரை வெளுத்தது.
இடக் கிண்ணத்தில் முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஓரத்தில் ஒன்று,
நடுவில் மூன்று,
நீறு விலகிய கனல் போலப் பச்சையாய்
மீண்டும் பேச ஆரம்பித்தன.

வலக் கிண்ணத்தில்
விண்மீன்கள் அதே கைகளோடு அப்படியே இருந்தன.
முடிச்சு காலி.
எப்போது காலியானது,
மின்சாரம் போவதற்கு எத்தனை வாரம் முன்னே,
தெரியாது.
அவற்றைச் சுற்றி நரம்பணுக்கள்
ஊதிப்போய், இருட்டாய்.

"எது எது?" என்று அவர் கேட்கவில்லை.
திரையின் வலப்பக்கத்தையே பார்த்தார்.
"அந்த முடிச்சை வெளியிலிருந்து நிரப்ப முடியாதா?"

முயற்சி செய்கிறோம் என்றேன்.
எலியில்.
சில எலிகளில், சில வாரங்களுக்கு.
வேறெதுவும் சொன்னால் பொய்யாகிவிடும்.

நோட்டில் எழுதினேன்:
மின்தடை, பதினொரு நிமிடம்.
இரண்டு சீவலும் கணக்கில் சேராது.

மேலிருந்து வாசித்தவர்
"சேராதா?" என்றார்.

ஒரு எலியை வைத்து எதுவும் சொல்லக்கூடாது, ரெமிஹியோ.

தலையாட்டினார்.
கண்ணாடித் தகடுகள் வந்த அட்டைப்பெட்டிகள்
மூலையில் அடுக்கிக் கிடந்தன.
"இவை வேண்டுமா உங்களுக்கு?
விறகெல்லாம் ஈரம். புகைதான் வருகிறது.
ஒதிலியா எழுவதற்குள் அறை சூடாக வேண்டும்."

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
ஆறு பெட்டிகள்.
கோட்டைக் கழற்றி
அவற்றின் மேல் போர்த்தி
மழைக்குள் இறங்கினார்.