சாட்சிப் படம்

கதவு எண் தெரிய வேண்டும்.
பொதி முழுதாகத் தெரிய வேண்டும்.
மனிதர் யாரும் விழக் கூடாது.
கம்பெனி சொன்ன இலக்கணம் இவ்வளவுதான்.
நாளொன்றுக்கு நூற்றிருபது படம் எடுக்கிறேன்
எட்மண்டனின் தென்கிழக்கு மூலையில்,
வளைந்து வளைந்து தன்னிடமே திரும்பி வரும்
மில் வுட்ஸ் தெருக்களில்.

அத்தை மகன் கல்யாணங்களுக்குப் படமெடுப்பவன்.
"நீயும் போட்டோகிராபர் ஆயிட்டியே" என்று சிரிக்கிறான்.
அவன் படங்களில் முகம் தவிர வேறில்லை.
என்னுடையவற்றில் முகம் தவிர எல்லாம்:
பனியில் குத்தி நிற்கும் மண்வாரி,
ஒற்றைக் கையுறை,
மார்ச் வரை கழற்றாத கிறிஸ்துமஸ் விளக்கு,
'மணி அடித்தால்
குழந்தையைத் தூங்கவைப்பது உன் பொறுப்பு'
என்றொரு சீட்டு.
கண்ணாடிக் கதவில் சில சமயம்
ஃபோனைத் தூக்கிப் பிடித்த ஒரு குல்லாய்க்காரி.
அவளைத் தவிர்த்து இன்னொன்று எடுப்பேன்.
அவளும் மனிதர் கணக்கில் வருவாளே.

ஜனவரியில் ஒரு புகார்.
நீலக் கதவு, மூன்று படி, ஹால்வர்சன்.
பொதி வரவே இல்லை என்கிறார்.
மைனஸ் இருபத்தெட்டில்
வண்டியை அணைக்காமல் இறங்கிப் போய்
ஃபோனை நீட்டினேன், வழக்காட வந்தவள் மாதிரி.
பாருங்கள், டிசம்பர் பதினெட்டு, மதியம் இரண்டு பதினொன்று.
உங்கள் கதவு. உங்கள் எண். உங்கள் பொதி.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
இரண்டு விரலால் படத்தை அகட்டினார்.
பொதியைத் தாண்டிப் போனார்.
கதவைத் தாண்டிப் போனார்.
பக்கத்து ஜன்னலில் போய் நின்றுவிட்டார்.

எனக்குத் தெரிந்தது திரைச்சீலையின் மடிப்பு.
கொஞ்சம் வெளுப்பு,
கட்டம் கட்டமாய் உடைந்த வெளிச்சம்.
"மார்கிட்" என்றார்.

இருவர் மூச்சும் திரையில் படிந்தது.
அவர் கட்டைவிரலால் துடைத்தார்.
"அன்று ராத்திரிதான் ஆம்புலன்ஸ்."
பொதியை அவள் எங்கே வைத்தாள் என்று
அவருக்குத் தெரியவில்லை.
கேட்கவும் ஆளில்லை.

"கை காட்டினாளா?
எல்லா டிரைவருக்கும் காட்டுவாள்."

அன்றைக்கு அது என் எழுபத்தோராவது வீடு.
எண்ணைப் பார்த்தேன், பொதியைப் பார்த்தேன்,
மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தேன்.
ஜன்னலைப் பார்த்த ஞாபகமே இல்லை.
காட்டினாங்க, என்றேன்.
நானும் காட்டினேன், என்று சேர்த்துக்கொண்டேன்.
பொய்யென்று ஆனபிறகு
கஞ்சத்தனம் எதற்கு.

படத்தை யாருக்கும் அனுப்ப எனக்கு அனுமதியில்லை.
அவர் தன் ஃபோனை எடுத்து
என் ஃபோனைப் படம் பிடித்தார்.
கை நடுங்கியதால் மூன்று முறை.
மூன்றிலும் என் கட்டைவிரல் விழுந்திருக்கும்,
சிவப்புக் கையுறையின் கிழிசலில்
நகம் எட்டிப் பார்க்க.
மார்கிட்டைப் பார்க்கத் திறக்கும்போதெல்லாம்
அதையும் பார்த்தாக வேண்டும் அவர்.

நாற்பதாவது நாள்
செயலி அதைத் தானாக அழித்தது.

அதிலிருந்து ஜன்னல்களைப் பார்க்கிறேனா என்றால்,
எப்போதாவது. நூற்றிருபதில் நாலோ ஐந்தோ.
பூனை இருக்கும். பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை.
ஒரு முறை கை காட்டினேன்.
அங்கே தொங்கியது கோட்டு.

மார்ச் கடைசியில் அதே நீலக் கதவுக்கு இன்னொரு பொதி.
கதவில் ஒரு படம், அச்செடுத்து, டேப்பால் ஒட்டி,
கீழே 'டிரைவருக்கு'.
எந்த டிரைவருக்கு என்று இல்லை.
கொல்லைக் கம்பத்தில் தொங்கும் தீனிக்கூண்டு,
அடியில் பாதி காலியான பறவைத் தானிய மூட்டை.
அதைத்தான் டிசம்பரில் தூக்கி வந்திருக்கிறேன்.
கம்பம் நேராக, மூட்டை முழுதாக, யாருமே இல்லாமல்,
கம்பெனி இலக்கணப்படி எடுத்திருந்தார்.
கீழ் ஓரத்தில் மட்டும்
ஒரு பூட்ஸ் முனை.

பொதியை வைத்துவிட்டு என் படத்தை எடுத்தேன்.
கதவு, எண், பொதி,
கதவில் அந்தப் படம், அதற்குள் பூட்ஸ்.
மனிதர் யாரும் தெரிகிறார்களா என்று
வழக்கம்போல் செயலி கேட்டது.
வண்டி உறுமிக்கொண்டிருந்தது.
கொஞ்சம் பொறுத்து
'இல்லை'யை அழுத்தினேன்.