நன்னடத்தை

பாடாங் செராயில் எல்லாருக்கும் தெரியும்
நான் மாரக்காள் பெறாத பிள்ளை என்று.
ஹட்யாய் சந்தையில் ஒரு சயாம்காரி
மடியிலிருந்து மடிக்கு மாற்றிவிட்டாள்,
ரசீது இல்லாமல்.

தனசீலன் என்று இவர்கள் கூப்பிட்டார்கள்.
சூராட் கூப்பிட்டது வேறு:
குடிமகன் அல்ல.
அப்போது எனக்குப் பல்கூட முளைக்கவில்லை.

பதினொரு செம்பனைக் குலை.
பசிக்குத் திருடினான் என்றார் வக்கீல்.
பொய். மோட்டார் தவணைக்குத்தான்.
பொக்கோக் செனாவில் பதினான்கு மாதம்.
என் பெயரும், மகன், சின்னப்பையன் என்பதும்
எழுத்துப் பிழையில்லாமல் இருப்பது
அந்தத் தண்டனைத் தாளில் மட்டும்தான்.

நான்காவது மனு. கூலிம் பதிவிலாகா, எண் 3042.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான்.
"நன்னடத்தை வேண்டுமே, அபாங்.
மந்திரிக்கு மேல்முறையீடு போட்டுப் பாருங்கள்.
இல்லாவிட்டால் சிவப்பு அட்டை.
அதுவும் இல்லாவிட்டால் உங்கள் நாட்டுக்கு..."
மீதியை அவளே விழுங்கிக்கொண்டாள்.

சயாம் மொழியில் எனக்குத் தெரிந்தது
டொம்யாம்.
அதுவும் பாசார் மாலாமில், பாக்கெட்டில் கட்டியது.

வளர்த்தவள் ரேகை வைக்கட்டும் என்றார்கள்.
பால் உறையவைக்கும் அசிட்
முப்பது வருடத்தில்
அம்மாவின் பெருவிரலில் ஒரு கோடு மிச்சம் வைக்கவில்லை.
இயந்திரம் மூன்று முறை கத்தியது.
முந்தானையில் துடைத்தாள், ஊதினாள், மறுபடி அழுத்தினாள்.
நீல அட்டைக்காரி,
இந்த மண்ணிலேயே பிறந்தவள்.
அவளையும் தெரியவில்லை அதற்கு.

3043.
கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்மா இன்னும் விரலை எடுக்கவில்லை.