நாளைக்கு ஒரு பாட்டில்

அந்தத் தொடரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.
ஆனாலும் கதை தெரியும்,
இயந்திரங்கள் சொல்லித் தெரியும்.

குஷிரோ துறைமுகத்துக்கு எதிரே மூன்றாம் மாடி,
சிறுநீரகப் பிரிவு, இரவு முறை.
வியாழன் ஐந்தரைக்கு எடை பார்ப்போம்,
ஆறு மணிக்கு ஊசி ஏற்றுவோம்.
அப்புறம் ஆறு பேரின் ரத்தமும்
வெளியே போய்க் கழுவிக்கொண்டு திரும்பும்வரை
யாருக்கும் வேலை இல்லை.

ஒன்பது அடித்தால்
ஆறு சின்னத் திரைகளிலும் அதே பூட்டிய அங்காடி,
நகராத நகரும் படிக்கட்டு,
உள்ளே மாட்டிக்கொண்ட பன்னிரண்டு பேர்
(இந்த வாரம் எட்டு).
எல்லோர் காதிலும் இயர்போன்.
எனக்குக் கேட்பது பம்புகளின் முனகல்,
வெளியே மூடுபனிக்குள் ஏதோ கப்பலின் சங்கு.

திடீரென்று நான்காம் கட்டில் கூவும்.
தொக்கைரின்-சான் கையை மடக்கிவிட்டார்.
யாரோ யாரையோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.
"கை, கை" என்று ஓடுவேன்.
"சாவியை ஷூவுக்குள்ள வெச்சிருக்கான் அந்தத் திருடன்!"
மற்ற இரவுகளில் ஊரெங்கும் டாக்சிகளை ஏவுகிற அதே குரல்.

முதல் கட்டில் ரிகுதோவுக்கு இருபத்திரண்டு வயது.
பயம் வந்தால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வான்,
திரையையும் சேர்த்து.
போர்வை வெள்ளையாக விளக்கெரியும்.

நிஷினா டீச்சருக்கு அலாரமே அடிக்காது.
அவர் கணக்குப் போடுகிறவர்.
உணவுப் பட்டியலின் பின்பக்கம் பின்னங்கள்:
எட்டில் ஒன்று, ஏழில் ஒன்று.
"மஞ்சள் மழைக்கோட்டுக்காரன் தேறமாட்டான்.
இரக்கப்படுறவனுக்குக் கீழே இருக்கிற எண் எப்பவும் பெரிசு."
ஒருநாள் குப்பைக்கூடையில் அந்தத் தாள்.
ஓரத்தில் வேறொரு பின்னம்,
மேலே ஒன்று, கீழே பதினாலாயிரம்.
தொடரில் அத்தனை பேர் இல்லை.
மடித்துத் திரும்பவும் கூடையிலேயே போட்டேன்.

ஐந்தாம் வாரம் என்று நினைக்கிறேன்,
அலாரத்துக்கு முன்னால் சிரிப்பு வந்தது.
முதலில் உபுகதா-சான்.
நண்டுப் படகில் நாற்பது வருடம் எஞ்சினோடு கத்திப் பேசியவர்,
மெல்லச் சிரிக்கத் தெரியாது.
பிறகு தொக்கைரின், பிறகு டீச்சர்,
போர்வைக்குள்ளிருந்து ரிகுதோ.
விஷயம் இதுதான்.
இன்றுமுதல் ஆளுக்கு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான்
என்று அங்காடியின் ஒலிபெருக்கி அறிவித்ததாம்.
திரையில் ஒருத்தி முழங்காலில் விழுந்து கதறுகிறாள்.

"முழு பாட்டிலா?"
"சூப் அதுல சேர்த்தியா, தனியா?"
"யாரு கிட்டயும் கணக்குச் சொல்ல வேண்டாமா?"
"எங்களை அனுப்புங்கப்பா. ஒரு வருஷம் இருந்து காட்டுறோம்!"
உபுகதா-சான் வாயிலிருந்த பனிக்கட்டி
(அன்றைய இரவுக்கு அவருக்கான ஒரே ஒன்று)
போர்வையில் தெறித்து விழுந்தது.
அதை எடுத்துத் துடைத்து மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
9.22. ஆறு கட்டிலிலும் அழுத்தம் ஏற்றம். காரணம், மகிழ்ச்சி.
தலைமைச் செவிலி சிவப்பு மையால் அடித்து
'காரணம் தெரியவில்லை' என்று திருத்தியிருந்தார்.

கடைசி வாரம் பனிப்புயல்.
எல்லோரும் வந்துவிட்டார்கள்,
உபுகதா-சான் பனிவண்டிக்குப் பின்னாலேயே நடந்து.
ஒன்பதே முக்காலுக்கு ஊசிகளை எடுத்தேன்.
மழைக்கோட்டுக்காரனும் இன்னொருத்தியும் மட்டும் மிச்சமாம்.
இயந்திரங்களை அணைத்தேன்.
அப்போதுதான் உறைத்தது,
இனி எனக்குக் கதை சொல்ல யாருமில்லை.
ஆறு பேரும் கட்டைவிரலால் பஞ்சை அழுத்தியபடி
அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
முகங்களில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
டீச்சர் மட்டும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"யார் ஜெயிச்சது?" என்று கேட்டேன்,
பத்து வாரத்தில் முதல் தடவையாக.

உபுகதா-சான் இயர்போனைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார்.
செருப்பைக் காலால் துழாவினார்.
"சனிக்கிழமை வந்து சொல்றேன்."
எடைமேடையில் ஏறினார்.
ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று.
எழுதிக்கொண்டேன்.