கதவுகளில் நீலம் இல்லை

தார்ப்பாயை இழுத்ததும்
முதலில் வந்தது உப்பு மணம், பிறகு எலிப்புழுக்கை,
பிறகுதான் கார்.
உவர்மலைச் சரிவில் தகர ஷெட்டொன்றில்
தாழக் குந்தியிருந்த எம்.ஜி.ஏ.
பதிவுப் புத்தகத்தில் வருஷம் ஐம்பத்தாறு.
நிறம் என்ற கட்டத்தில்
எவரோ ஒரு கிளாக்கரின் மை பிரண்ட பெருவிரல்.

என்.சி. வீதியில் பெயின்ற் கலக்கிறவள் நான்.
மஞ்சள் ஒரு துளி கூடினாலே
நித்திரை கெடும் சாதி.
கொழும்புக்காரர் போனில் கேட்டது இவ்வளவுதான்:
தொழிற்சாலை பூசிய நிறம் எது,
மெய்யான வருஷம் எது.
இரண்டும் பொருந்தினால் விலையை நீங்களே சொல்லலாம்.

நொரீன் ஒக்கர்ஸ் கவிழ்த்த வாளியில் இருந்து
வெரளிக்காயை உப்பில் தொட்டுத் தின்றபடி
"சுரண்டு பிள்ளை, கூரைக்குத் தகடு வாங்கோணும்" என்றா.

சேசிஸ் இலக்கத்தில் ஒன்றைத் துரு தின்றிருந்தது.
மூன்றா, எட்டா.
கடதாசி வைத்துப் பென்சிலால் உரசி எடுத்தேன்.
வெளிச்சத்தில் மூன்று, நிழலில் எட்டு.
பின் லாம்புகள் பிந்திய மாடலுடையவை,
யாரிடமிருந்து கழற்றியதோ.

முன் மட்காட்டில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு
நானூறாம் நம்பர் அரத்தாள், தண்ணீர், திரும்பவும் தண்ணீர்.
மேலே வெள்ளை: கலியாண வாடகைக்கு ஓடிய காலம்,
பூ ஒட்டிய பசையின் மஞ்சள் கறை அதற்குள் இன்னும்.
கீழே சாம்பல்.
"கேட்காமல் கொண்டுபோன ஆக்கள் பூசினது.
எவரெண்டு எழுதாத."
அதற்கும் கீழே
தடித்து, ஒழுகி, இறுகிய ஒரு நீலம்,
அதில் தும்பு மயிரொன்று கிடையாக.
தின்னர்த் துணியால் தொட்டேன், இளகியது.
கார் பெயின்ற் இல்லை.
திருக்கடலூர் வள்ளங்களின் நீலம்.

"ரெஜி" என்றா நொரீன். "தம்பி.
கடையில ஒண்டும் இல்லாத வருஷம்.
வள்ளத்துக்கு வாங்கினதில மிச்சம்.
விடிய விடிய அடிச்சான், கதவு, டிக்கி, எல்லாம்.
ஒட்டுது ஒட்டுது எண்டு
மூண்டு நாளைக்கு ஒருத்தரையும் தொட விடேல்ல."

நீலத்துக்கும் அடியில் இருந்ததை
டாஷ்போர்டின் முதுகில்,
தூரிகை நுழையாத இருட்டில், டோர்ச் அடித்துக் கண்டேன்:
கிளேசியர் ப்ளூ.
பனியாற்று நீலமாம். கொட்டியாரக் குடாவில் எவர் கண்டார் பனியாறு?
எனக்கு அது
ஐஸ்பழப் பெட்டியின் உட்பக்கம்.
நிற அட்டையைப் பக்கத்தில் பிடித்தேன். பொருந்தியது.
எனக்கே கை கொஞ்சம் நடுங்கியது.

பிறகு கதவு.
கதவில் வெள்ளை. சாம்பல்.
அதன் கீழ் நேராக ஒரியென்ற் ரெட்,
பளிச்சென்று, பழையது, அசல்.
நீலம் இல்லை.
மற்றக் கதவிலும் இல்லை.
விளிம்பில், பூட்டடியில், கீலின் இடுக்கில்
ஊசியால் கிண்டினேன். இல்லை.

சொல்லாமல் விடலாமென்று நினைக்கையில்
நொரீன் எழும்பி வந்து குனிந்து பார்த்தா.
வெரளிக் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கினா.
"அப்ப இது அவன் அடிச்ச கதவு இல்லை."
கொஞ்சம் பொறுத்து,
"இவ்வளவு காலமும் இதிலதானே
கை வச்சுக்கொண்டு நிண்டனான்."

தாளில் எழுதினேன்:
உடல் கிளேசியர் ப்ளூ.
கதவுகள் ஒரியென்ற் ரெட், வேறொரு கார்.
வருஷம் தெளிவில்லை.
கொழும்புக்காரர் பாதி விலை சொன்னார்.
நொரீன் போனை என்னிடமிருந்து வாங்கினா.
"கதவு ரெண்டும் மட்டும் எண்டா எவ்வளவு?"

இப்போது கூரையில் புதுத் தகடு, பாதிக்கு.
கதவில்லாத காருக்குள்
மத்தியான வெயிலுக்கு ஒரு புள்ளிமான் ஏறி
இடது சீற்றில் மடங்கிப் படுக்கிறது.
எழும்பிப் போகையில் மட்காட்டை நக்குகிறது,
நான் சுரண்டிய இடத்தை,
உப்புக்காக.