அடங்கல்

சர்வே எண் நூற்றுப் பதினெட்டு, உட்பிரிவு இரண்டு.
புன்செய். கேழ்வரகு.
பட்டாதாரர் திம்மக்கா, காலஞ்சென்ற சாக்கப்பன் மனைவி.
சேதம்: முப்பது சென்ட்.
காரணம் என்ற கட்டத்தில்
இருபது வருஷமாக யானை என்று எழுதியிருக்கிறேன்,
பன்றி என்று, ஆலங்கட்டி என்று.
அன்றைக்குப் பேனா அங்கேயே நின்றது.

கார்த்திகை பிறந்து ஒன்பதாம் நாள்.
கெலமங்கலம் சந்தை. கொத்தப்பள்ளியில் ஆள் குறைவு.
அந்த மாதங்களில் பெங்களூர்ப் பக்கமிருந்து
புது மாதிரி விமானங்கள் வரும், முகத்தில் சுழலி இல்லாதவை.
சத்தம் கேட்ட இடத்தை அண்ணாந்தால் வெறும் வானம்.
அது அதற்குள் ராயக்கோட்டை மலையைத் தாண்டியிருக்கும்.
சத்தத்துக்கு முன்னால் பார்க்கவேண்டும் என்று
பிள்ளைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள்.
எனக்குக் கடைசிவரை வரவில்லை.

திம்மக்கா சொல்ல நான் எழுதி
அவள் கைநாட்டு வைத்தது:
‘சத்தம் நின்னுபோச்சு சாமி.
நின்ன பிறகுதான் நிமிர்ந்தேன்.
ஏரிக்குக் கொக்கு இறங்குற மாதிரி வந்தது.
உள்ள ரெண்டு தலை,
பஸ்ஸுல ஒரே சீட்டுல உக்காந்த மாதிரி.’

மூக்குப் பக்கம் மரம்.
யாரும் நம்பவில்லை.
பெத்தண்ண ஆசாரி ஒரு சில்லை எடுத்து
உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தார்.
வேங்கை இல்லை, மா இல்லை, முருங்கையைவிட லேசு.
இதுல நான் தொட்டில்கூடச் செய்யமாட்டேன் என்றார்.
ஊர் முழுக்க மண்ணெண்ணெய் வாடை.
மூன்று ராத்திரி தலையாரி காவல்,
நரிக்கும் பிள்ளைகளுக்கும்.

வந்த அதிகாரிக்குக் காலணி நிறையச் செம்மண்.
ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்,
துபாஷியாக நான்.
ஒருவர் சொல்லிக்கொடுப்பவர். ஒருவன் இருபத்தொரு வயது.
கைப்பிடி இரண்டு.
கடைசியில் பிடித்திருந்தது யார்?
திம்மக்கா என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தை இல்லை.
‘ரெண்டு பேரும்தான் பிடிச்சிருப்பாங்க.
வேற என்ன செய்வாங்க?’
நான் மொழிபெயர்த்தேன்.
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

சேலத்துப் பத்திரிகையில்
ஊரைக் காக்க ஒதுங்கி விழுந்தார்கள் என்று வந்தது.
ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.
நான் மட்டும் ஒரு மத்தியானம் கரட்டின் மேலேறிப் பார்த்தேன்.
புளியந்தோப்புக்கு அடியில் எங்கள் ஊரே இல்லை.
ஒரு கூரை தெரியவில்லை, ஒரு புகை தெரியவில்லை.
முற்றிய கேழ்வரகு மட்டும்
யாரோ விரித்து வைத்ததுபோல, சமமாக.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு நாலணா வசூலித்துக் கல் வாங்கினார்கள்.
ஏரிக்கரையில் ஏற்கனவே ஒருவன் நிற்கிறான்,
வில்லோடு, முதுகுக்குப் பின்னால் மாடுகளோடு.
மழை தின்றது போக அவனிடம் மிச்சம்
தொறு மீட்டுப் பட்டான் என்ற மூன்று சொல்.
அதே மாதிரி எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.
லெப்டினென்ட் கோஷ். கேடட் பிட்டப்பா.
அதிகாரி உச்சரித்த அந்த ‘கோ’வுக்கு
என்னிடம் சரியான எழுத்து இல்லை.
கல்தச்சன் உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டான்:
பட்டார் சரி சாமி,
எதை மீட்டுன்னு போட?

இரண்டு பெயரும் தேதியும் போதும் என்றேன்.
கருமி என்று என்னை அன்றைக்குப் பேசியவர்கள் உண்டு.

அடங்கலில் ஆகாயம் என்று எழுதினேன்.
ஜமாபந்தியில் தாசில்தார் சிவப்பு மையில் வட்டமிட்டு
யானை என்று திருத்தி
தீர்வையைத் தள்ளுபடி செய்தார்.

இரண்டு வருஷம் அந்த முப்பது சென்ட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.
மூன்றாம் வருஷம் கொள்ளு போட்டாள்.
உழவில் ஒரு பித்தளைப் பொத்தான் கிடைத்ததாம்,
கையுறையிலிருந்து இருக்கலாம்,
இன்னும் சொடுக்கென்று மூடுகிறது.
அரசாங்கச் சொத்து, கொடுத்துவிடு என்றேன்.
ரெண்டு தரம் மூடித் திறந்து காட்டினாள்.
பிறகு முந்தியில் முடிந்துகொண்டு
களை எடுக்கப் போய்விட்டாள்.