கணக்கில் வராத சவாரி

மே மாதம்தான். ஆனால்
பென்சில்வேனியாவுக்கு அது இன்னும் தெரியவில்லை.
ஈரி ஏரியிலிருந்து வரும் காற்றில்
பழைய பனியின் மிச்சம்.
திறக்கக் கால் மணி நேரம் இருக்கிறது.
வேலிக்கு வெளியே நாங்கள் ஏழு பேர்
காலி வண்டியை எண்ணிக்கொண்டு நிற்கிறோம்.

முதல் சுற்று, ஆளில்லாமல்.
இரண்டாவதில் தண்ணீர் நிரப்பிய
பிளாஸ்டிக் உடல்கள், தலை இல்லை.
மூன்றாவதில் எமில் ஹுடாக்,
கைகட்டி, கண்மூடி.
அவர் பார்ப்பதில்லை, கேட்கிறார்.
ஒரு போல்ட் தளர்ந்தால்
மரம் வேறு மாதிரி இருமும்.

கோவேறு கழுதையின் பெயரை இதற்கு வைத்தவர்
ஒருமுறையாவது ஏறியிருக்க வேண்டும்.
உதைக்கும்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
வாரம் ஐந்து நாள்
ஒவ்வொரு குழியிலும் மெதுவாக இறக்குவதற்குச் சம்பளம்.
சனிக்கிழமை, கடைசிப் பெட்டி, இடது ஓரம்,
என்னைக் குழியில் தள்ளச் சொல்லி
அந்தச் சம்பளத்தைக் கொடுக்கிறேன்.
உச்சியில் முன்பெட்டி விழுந்து நம்மை இழுக்கும்போது
தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே
ஒரு விரல் அளவு வானம் நுழையும்.
அந்த அந்தரத்துக்காகத்தான்.
நான்கு முழு அந்தரம்,
சுரங்கத்துக்குள் ஒரு அரை.

மேடையில் லொரெய்ன்.
இரு பக்கமும் கட்டைவிரல் உயராமல்
அவள் பச்சைப் பொத்தானைத் தொடமாட்டாள்.
ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் ஐம்பத்தொரு நொடி
என்று போன வருஷம் அவளிடம் சொன்னேன்.
"உனக்கு வேற வேலையே இல்லையா, நடீன்?"
மறு வாரம் முப்பத்தெட்டு.

இன்று இருநூற்றுப் பன்னிரண்டாவது சவாரி.
சங்கிலி பற்றிக்கொண்டது.
கடக், கடக், கடக்,
ஏற்றத்தில் முக்கால் தூரம்,
கடக்.

அவ்வளவுதான்.

ஒரு கடற்புறா எங்களைவிடக் கீழே பறந்தது.
முன்வரிசைப் பையன் கேட்டான்,
"அப்பா, உடைஞ்சிருச்சா?"
அப்பா பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கியில் லொரெய்ன்,
பேருந்தில் நான் குழந்தைகளிடம் பேசும் அதே குரலில்.

தூரத்துப் பிரேக்கில் ஒரு மின்கண்.
இரவோடு இரவாக அதன் விளிம்பில் கட்டிய சிலந்தி வலை
காற்றில் அறுந்து கண்ணை மறைத்துவிட்டது.
அங்கே ஒரு வண்டி நிற்பதாக அது நம்பியது.
நம்பியதால் எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது.

எமில் படியேறி வந்தார்.
வரிசை வரிசையாக மடிக்கம்பியைத் திறந்தார்.
"முழங்கால் எப்படி?" என்றார் ஒவ்வொருவரிடமும்.
பையன் ஆட்டுக்குட்டி போல இறங்கிப் போனான்.
நான்,
இருநூற்றுப் பதினோரு முறை
கையை மேலே தூக்கிக்கொண்டு விழுந்தவள்,
இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
குழந்தை மாதிரி ஒவ்வொரு காலாக வைத்தேன்.
வேகத்தில் தெரியாத உயரம்
பலகை இடுக்கில் நின்று என்னைப் பார்த்தது.

பழுத்த கம்பங்களுக்கு நடுவே
இந்தக் குளிர்காலத்தில் மாற்றிய ஒரே ஒரு கம்பம்,
வெளுப்பாக, பிசின் வாசனையோடு.
அதில் பென்சிலில் ஓர் எண்,
அடித்து, பக்கத்தில் சரியான எண்.
காற்று வந்தபோது குன்று முழுக்க ஒருமுறை அசைந்தது.
"அசையுது," என்றேன்.
"ஆமாம்," என்றார் எமில், சாவியைத் தேடிக்கொண்டே.

தொண்ணூற்று நான்கு படி.

கீழே, எண்ணெய்ப் பலகாரக் கடை ஓரம்
எங்களுக்குள் பெரிய வழக்கு.
"மேடையில ஏறி மேடையில இறங்கணும்.
இல்லைன்னா அது சவாரி இல்லை," என்றார் வெர்னன்.
முக்காலாக எழுது என்றாள் ஐரிஸ்.
நான் நோட்டில் ஒரு வரி வெறுமையாக விட்டு
ஓரத்தில் 94 என்று மட்டும் போட்டேன்.

இரண்டு மணிக்கு மறுபடி திறந்தார்கள்.
எமில் வலையைத் துடைத்துவிட்டாராம்,
சிலந்தியை ஒன்றும் செய்யவில்லையாம்.
அதே பெட்டி, அதே ஓரம். கடக், கடக்.
பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த படிகளில்
என் கை பிடித்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.
உச்சி வந்ததைக் கவனிக்கவில்லை.

முதல் அந்தரம்
என்னைக் கேட்காமலே தூக்கியது.